சொப்பன சுந்தரியை இப்போ யாரு வச்சிருக்கா? 1989-ல் கேட்ட கேள்விக்கு ஆர்.சி. புக்கில் பதில் இருக்கிறதா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து சென்னை திரும்பும் மின்சார ரயிலில் ஏறுங்கள். கூட வேலை பார்ப்பவரிடம் "செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கிட்டேன்"னு சொல்லிப் பாருங்கள். என்ன விலை, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஏ.சி. வேலை செய்யுதான்னு வரிசையா கேட்பார். ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "இதுக்கு முன்னாடி யாரு வச்சிருந்தது?"

கேட்டவர் சீரியஸாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் எதிர் சீட்டில் இருப்பவர் சிரித்துவிடுவார். ஏன் சிரிக்கிறார் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

35 ஆண்டுகளைத் தாண்டியும் தமிழ் சினிமா காமெடியில் பதில் கிடைக்காத கேள்வி அது. சொப்பன சுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? படத்தில் பதில் இல்லை. ரசிகர்களிடம் ஏகப்பட்ட பதில்கள் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்திலும் ஒரு பதில் இருக்கிறது. பழைய வண்டி வாங்குபவரும் விற்பவரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி எங்கே ஆரம்பித்தது?

1989 ஜூன் 16-ல் வெளியான படம் 'கரகாட்டக்காரன்'. இயக்கம் கங்கை அமரன், இசை இளையராஜா. ராமராஜன் ஹீரோ, கனகாவுக்கு அதுதான் முதல் படம். மதுரையில் ஓராண்டுக்கும் மேல் ஓடிய படம். பாட்டுக்காக ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் பார்த்தது என்றால், கவுண்டமணி - செந்தில் காமெடிக்காக இன்னொரு கூட்டம் பார்த்தது. அந்தக் காமெடிப் பகுதிகளை எழுதியவர் ஏ.வீரப்பன்.

கரகாட்டக் குழுவிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. ஓடுகிற நேரத்தைவிட தள்ளுகிற நேரம் அதிகம். அந்தக் காரை முன்பு வைத்திருந்தவர் சொப்பன சுந்தரி. இப்போது நாம் வைத்திருக்கிறோம். சரி, சொப்பன சுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார்? செந்தில் கேட்கும் கேள்வி இவ்வளவுதான். கவுண்டமணிக்கு வரும் கோபம் ஊருக்கே தெரிந்தது. இத்தனை பேர் இருக்கும்போது என்னிடம் ஏன் இதைக் கேட்டாய் என்பதுதான் அவருடைய ஆதங்கம். அடி விழுகிறது. பதில் மட்டும் வரவில்லை.

இதே படத்தின் வாழைப்பழக் காமெடியை நினைத்துப் பாருங்கள். இரண்டு பழத்தில் ஒன்று இங்கே இருக்கு, இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு செந்தில் ஒரு பதில் வைத்திருப்பார். அது தப்பான பதில், ஆனால் பதில்தான். அதனால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. சொப்பன சுந்தரி கணக்கு முடியவே இல்லை. அதனால்தான் இன்னும் பேசுகிறோம்.

ஒரே ஒரு வார்த்தை செய்த வேலை

இந்தக் கேள்வியை வேறு மொழிக்கு மாற்றிப் பாருங்கள், பாதி சிரிப்பு போய்விடும். காரணம் 'வச்சிருக்கிறது' என்ற சொல். தமிழில் காரை வச்சிருக்கலாம், கடை வச்சிருக்கலாம், காசு வச்சிருக்கலாம். எல்லாம் உடைமை. ஆனால் ஒருவர் ஒரு பெண்ணை 'வச்சிருக்கார்' என்றால் ஊர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசும். கல்யாணம் இல்லாத உறவு என்று அர்த்தம்.

செந்தில் இந்த இரண்டு அர்த்தத்தையும் ஒரே கோட்டில் நிற்க வைக்கிறார். கார் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. அப்போ காரை வச்சிருந்தவரும் கை மாறியிருக்க வேண்டுமே? குழந்தை கேட்பது போல அப்பாவித்தனமான முகம், ஊர் வம்பு பேசுபவரின் கேள்வி. இலக்கணப்படி தப்பே இல்லை. அதுதான் கவுண்டமணியைக் கடுப்பேற்றுகிறது.

ரசிகர்கள் போடும் கணக்குகள்

டீக்கடையிலும் கம்பெனி பஸ்ஸிலும் பேசிப் பேசித் தேறிய கணக்குகளை ஐந்தாகப் பிரிக்கலாம்.

1. கவுண்டமணியேதான்!

போலீஸ் மூளையோடு யோசிப்பவர்களின் முதல் சந்தேகம் இது. ஒரு சாதாரணக் கேள்விக்கு இவ்வளவு கோபம் ஏன்? தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். 'என்னிடம் ஏன் கேட்கிறாய்' என்பது குற்றமுள்ள நெஞ்சின் குரல் என்பது இவர்கள் வாதம். எதிர்வாதமும் பலமானது. அந்தக் கார் இருக்கும் நிலைமையைப் பார்த்தால், அவரிடம் அந்தக் காரை வச்சுக்கவே வசதி கிடையாது.

2. காரை விற்ற புரோக்கர்

பழைய கார் கடைக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். "சிங்கிள் ஓனர் சார், லேடி ஓட்டின வண்டி, டாக்டர் வச்சிருந்தது" என்று சொல்லாத புரோக்கர் உண்டா? வண்டியில் சொல்ல எதுவும் இல்லாதபோது ஓனரைப் பற்றிச் சொல்வது தொழில் தர்மம். இந்தக் கணக்கின்படி சொப்பன சுந்தரி என்று ஒருவரே கிடையாது. தள்ளி ஓட்ட வேண்டிய காரை விற்பதற்காகப் புரோக்கர் கட்டிய கதை அது.

3. பெயரிலேயே பதில்

சொப்பனம் என்றால் கனவு. கனவில் வரும் அழகியை யாரும் வைத்திருக்க முடியாது, விழித்தால் போய்விடுவாள். வசனகர்த்தா பெயரிலேயே பதிலை ஒளித்துவைத்துவிட்டார் என்பது தமிழ் வாத்தியார் வகைக் கணக்கு.

4. கும்மிடிப்பூண்டி கணக்கு

சுந்தரியை விடுங்க, கார் எங்கே? இது இந்தப் பகுதிக்காரர்களுக்கே வரும் சந்தேகம். பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய நிலையில் இருந்த கார் கடைசியில் போகிற இடம் பழைய இரும்புக் கடை. அங்கிருந்து லாரி ஏறினால், கும்மிடிப்பூண்டி பக்கம் உள்ள உருக்காலைகளில் ஒன்றுக்கு வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பழைய இரும்பை மின் உலையில் சுமார் 1,600 டிகிரி செல்சியஸில் உருக்கி, பில்லெட்டாக வார்த்து, கட்டடக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் இங்கே நிறைய.

1,000 சதுர அடி வீடு கட்ட தோராயமாக மூன்றரை முதல் நான்கு டன் கம்பி பிடிக்கும். அந்தக் காலத்துக் காரில் ஒரு டன் இரும்பு தேறும் என்று வைத்தால், ஒரு வீட்டுக் கம்பியில் கால்வாசி ஆச்சு. உங்கள் வீட்டு பில்லருக்குள் சொப்பன சுந்தரியின் கார் நின்றுகொண்டிருக்கலாம். இப்போதாவது தள்ள வேண்டாம்.

5. யாரும் வச்சிருக்கலை

கடைசிக் கணக்குதான் யோசிக்க வைப்பது. படத்தில் அந்தக் காரைச் சுற்றி நிற்பவர்கள் அன்றாடம் காய்ச்சிகள். ஊர் ஊராகப் போய் ஆடினால்தான் சோறு. அந்தக் காரைச் சொந்தமாக வைத்திருந்து, பிறகு விற்றவர் சுந்தரி. 1989-க்கு முன்னால், கிராமத்துப் பக்கம், தன் பெயரில் ஊருக்கே தெரிந்த கார் வைத்திருந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இந்தக் கதையில் வசதியானவர் என்று சொல்ல வேண்டுமானால் அது அவர்தான். அவரை யாரோ வைத்திருந்தாகத்தான் வேண்டும் என்று நாம் எப்படி முடிவு செய்தோம்?

பெயர் இல்லாத பென்னி, முகம் இல்லாத வேரா

பதில் சொல்லாமல் விடுவது உலகம் முழுக்க காமெடி எழுத்தாளர்களின் பழைய உத்தி. 'தி பிக் பேங் தியரி' என்ற அமெரிக்கத் தொடர் 2007 முதல் 2019 வரை 12 சீசன் ஓடியது. அதன் முக்கியப் பாத்திரங்களில் ஒருவர் பென்னி. கல்யாணத்துக்கு முன்பு அவருடைய குடும்பப் பெயர் என்ன என்பதைக் கடைசி வரை சொல்லவே இல்லை. 1982-ல் தொடங்கி 1993 வரை ஓடிய 'சியர்ஸ்' தொடரில் நார்ம் என்பவர் தினமும் மதுக்கடையில் உட்கார்ந்து மனைவி வேராவைப் பற்றிப் பேசுவார். வேராவின் முகத்தை மட்டும் சரியாகக் காட்டவே மாட்டார்கள். ஒரு காட்சியில் வந்தபோதும் முகம் முழுக்கப் பலகாரம் அப்பியிருந்தது.

நம் சுந்தரி இவர்களுக்கும் ஒரு படி மேலே. பென்னிக்கு முகம் இருக்கிறது, முழுப் பெயர் இல்லை. வேராவுக்கு வீடு, புருஷன் எல்லாம் இருக்கிறது, முகம் இல்லை. சுந்தரிக்குப் பெயர் மட்டும்தான் இருக்கிறது, கூடவே ஒரு பழைய கார்.

மூன்று இடத்திலும் ஆள் ஒரு பெண் என்பதையும் கவனியுங்கள். காட்டாமலேயே சிரிக்க வைப்பதற்கு எழுத்தாளர்கள் அடிக்கடி பிடித்துக்கொள்வது வீட்டிலோ ஊரிலோ இருக்கும் ஒரு பெண்ணின் பெயரைத்தான். ஆளே வராததால், அவர் தரப்பில் ஒரு வசனமும் எழுத வேண்டியதில்லை.

சினிமாவே பதில் தேடியது

கேள்வி அத்தனை வலுவாக இருந்ததால், பிறகு வந்த படங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 2016-ல் 'வீர சிவாஜி' படத்தில் சொப்பன சுந்தரி பெயரில் ஒரு பாட்டு வந்தது. அதே ஆண்டு 'சென்னை 600028' இரண்டாம் பாகத்திலும் அந்தப் பெயரில் ஒரு பாட்டு. அதை இயக்கிய வெங்கட் பிரபு, கங்கை அமரனின் மகன். அப்பா பதில் சொல்லாமல் விட்டதை மகன் பாட்டாகப் போட்டார் என்று ரசிகர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

2023 ஏப்ரலில் 'சொப்பன சுந்தரி' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. எஸ்.ஜி.சார்லஸ் இயக்க, ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தார். அதன் கதை என்ன தெரியுமா? நகைக்கடை குலுக்கலில் ஒரு கார் பரிசாக விழுகிறது. அந்தக் கார் யாருக்குச் சொந்தம் என்று குடும்பத்துக்குள் சண்டை. 34 ஆண்டுகள் கழித்து, சொப்பன சுந்தரியை யார் வச்சிருக்கா என்ற கேள்வி திரும்பி, காரை யார் வச்சிருக்கா என்ற இடத்துக்கே வந்து நின்றது.

உண்மையில் கேட்க வேண்டியதும் அதுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு சுவாரஸ்யமான தேதி. 'கரகாட்டக்காரன்' வெளியானது ஜூன் 16. இன்று நடைமுறையில் உள்ள 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்தது 1989 ஜூலை 1. அதாவது படம் ரிலீஸாகி சரியாகப் பதினைந்தாவது நாள். தியேட்டரில் ஜனங்கள் சொப்பன சுந்தரிக்குச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான், கார் கை மாறினால் யார் பொறுப்பு என்பதைச் சொல்லும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 50-வது பிரிவு வண்டி கை மாறுவதைப் பற்றியது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றதைத் தெரிவிக்க படிவம் 29, பெயர் மாற்றத்துக்கு படிவம் 30.

யார் ஓனர் என்ற கேள்விக்கு 2(30) பிரிவில் பதில் இருக்கிறது. பொதுவாக, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். தவணையில் வாங்கிய வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும், வண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் உரிமையாளர் என்று விதிவிலக்கு உண்டு.

2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொன்னது. அந்த வழக்கில் கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து வேறொருவருக்கு என்று கை மாறிக்கொண்டே போனது. ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பெயரிலேயே இருந்தது. விபத்து நடந்தது. எப்போதோ விற்றுவிட்டேன் என்றார் பதிவு உரிமையாளர். நீதிமன்றம் ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள், வண்டி யார் யாரிடம் கை மாறியது என்று சங்கிலியைத் தேடி அலைய வேண்டியதில்லை, பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதை அப்படியே கரகாட்டக் குழுவின் காருக்குப் பொருத்திப் பாருங்கள். அந்தக் கோஷ்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலை மிதித்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? மிதிக்கவில்லை என்றால், இன்றைய சட்டத்தின் கண்ணில் அந்தக் காரை அவர்கள் வச்சிருக்கவே இல்லை. சொப்பன சுந்தரிதான் இன்னும் வச்சிருக்கிறார். மேட்டில் தள்ளிய கார் கை நழுவி இறக்கத்தில் யார் மீதாவது மோதியிருந்தால், நோட்டீஸ் போயிருப்பது சுந்தரி வீட்டுக்கு.

சிரித்து முடித்துவிட்டு, இதையும் பாருங்கள்

தொழிற்பேட்டைப் பகுதிகளில் பழைய பைக்கும் காரும் கை மாறுவது சர்வ சாதாரணம். கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகிறவர் ரூம் மேட்டிடம் வண்டியை விட்டுவிட்டுப் போவார். "பேரு மாத்துறது மெதுவா பாத்துக்கலாம்"னு இருவரும் சொல்லிக்கொள்வார்கள். மூன்று பேர் கை மாறிய பிறகு முதல் ஓனரின் போனுக்கு 'ஹெல்மெட் போடவில்லை, அபராதம் கட்டு' என்று மெசேஜ் வரும். அபராதம் மட்டும் என்றால் பிழைத்தோம். விபத்து என்றால்?

நீங்கள் விற்பவர் என்றால்:

சாவியைக் கொடுக்கும் நாளிலேயே படிவம் 29, 30-ல் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறக்காதீர்கள். பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். அதுவரை அந்த வண்டி உங்களுடையதுதான்.

நீங்கள் வாங்குபவர் என்றால்:

ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் உங்களிடம் விற்பவரின் பெயரும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். வேறு பெயர் என்றால், நடுவில் ஒரு சொப்பன சுந்தரி இருக்கிறார் என்று அர்த்தம். கடன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யில் பைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதை நீக்க படிவம் 35-ம் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். வண்டி எண் 'டிஎன் 20' என்று தொடங்கினால் திருவள்ளூர் பதிவு. வேறு ஆர்.டி.ஓ. எல்லையில் பதிவான வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று தேவையா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியான ஆர்.சி.யோடு வரும் காருக்கு விலை குறைவாக இருப்பது சும்மா இல்லை.

வண்டியை இரும்புக்குப் போடுபவர் என்றால்:

வண்டியை அழித்துவிட்டால், 55-வது பிரிவின்படி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். 2021-ல் வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் அதற்கான சான்றிதழ் கிடைக்கும். தெருமுனைக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்தால், கார் உலையில் உருகி கம்பியாகவே மாறியிருந்தாலும் பதிவேட்டில் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைவிட மோசம், அதன் நம்பர் பிளேட் வேறொரு வண்டியில் ஓடலாம்.

அப்போ பதில்?

சொப்பன சுந்தரியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் படம் பதில் சொல்லவில்லை, இனி சொல்லவும் வேண்டாம். சொன்னால் அந்தக் காமெடி செத்துவிடும். வாழைப்பழத்தைப் போல அதையும் உரித்துத் தின்று முடித்துவிடுவோம்.

ஆனால் ஒன்று. இத்தனை வருஷமாக அவரை யார் வச்சிருக்கா என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். நமக்கு அவரைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தது ஒரே விஷயம்தான். அவர் ஒரு கார் வச்சிருந்தார். அடுத்த முறை யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் கவுண்டமணி மாதிரி கோபப்பட வேண்டாம். "அவங்களை யாரும் வச்சிருக்கலைங்க. கார்தான் இன்னும் அவங்க பேர்ல இருக்கு. முதல்ல போய் ஆர்.சி.யை மாத்துங்க"ன்னு சொல்லிவிடுங்கள்.